எருமைக்குக்கூடப் பேச்சு இருந்தது

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். வாழ்க்கைப்பட்டது எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்து வீட்டில். மாமனார், மாமியார், கணவர், கணவரின் தங்கை, நான், நான்கு மாடுகள். அவ்வளவுதான் எங்கள் உலகம்.

நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். கதைப் பைத்தியம். வாரா வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில் வரும் பத்திரிகைக்காகக் காத்துக் கிடப்பேன். அதில் ஒரு துப்பறியும் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன். ஏழு பாஷை பேசுவான், ஓடுகிற ரயிலிலிருந்து குதிப்பான், குதித்த பிறகும் தலை கலைந்திருக்காது. என் நாத்தனாருக்கு அவன்மேல் உயிர். ஆனால் அவள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த வருஷம் மாசியில் அவள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண், ஓடியாடித் திரிந்தவள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வியாழக்கிழமை எப்போது வரும் என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை. அந்தச் சமயம் பார்த்து ஒரு வியாழக்கிழமை பத்திரிகை வரவில்லை. கட்டு குறைவாக வந்ததாம், கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. பழைய இதழ் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு, வந்துவிட்டது என்று பொய் சொல்லி, என் மனதிலிருந்தே வாசிக்க ஆரம்பித்தேன். முதல் கொஞ்ச நேரம் நம்பினாள். கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியால் போர்டு தெரியாமல் பொள்ளாச்சியில் பஸ் மாறி ஏறி, கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வந்து இறங்கியபோது நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு மாட்டுத் தரகர், விலையை விரல் பிடித்துப் பேசத் துண்டுக்குள் கையை நீட்ட, இவன் ஏதோ மரியாதைக்கு நீட்டுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக் குலுக்க, விரல் கணக்கில் ஒரு எருமையை வாங்கிவிட்டான். அதற்குமேல் அவளால் முடியவில்லை. கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, "நங்கையா, நாளைக்கும் இந்தக் கதையே வாசிங்க" என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

மறுவாரம் பத்திரிகை ஒழுங்காக வந்தது. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. என் கதைதான் வேண்டும் என்றாள்.

சரி, எழுதலாம். எப்போது எழுதுவது? விடிவதற்கு முன் சாணி, பால், அப்புறம் அடுப்பு, தோட்டத்து ஆளுக்குச் சோறு, தீவனம், மறுபடி பால், மறுபடி அடுப்பு. சோறு கொதிக்கிற நேரத்தில் எழுதிப் பார்த்தேன். கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்தது. மாமியார் பார்வையில் உட்கார்ந்து எழுதினால், பிறந்த வீட்டுக்கு என்ன புகார் எழுதுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டும் ஆள், மனைவிக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனார். கணவருக்குக் கரும்பு வெட்டு. ராகிக்கு மதியத் தண்ணீர் கட்டுவதை நான் ஏற்றுக்கொண்டேன்.

மோட்டார் ஓடும். வாய்க்காலில் தண்ணீர் வந்து பாத்திக்குள் பாயும். பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். ஒரு பாத்தி நிறையும் நேரத்தில் எனக்கு ஐந்து வரி எழுத முடிந்தது. நாத்தனாரின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று. முன்பக்கம் முழுக்க மலையாளப் பாடம், பின்பாதி வெள்ளை. உரமூட்டையின் உள்ளே வரும் பிளாஸ்டிக் பையில் அதைச் சுற்றி, பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு போவேன். ஐந்து வரி, ஒரு மடை. ஐந்து வரி, ஒரு மடை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கதை நாளுக்கு நாள் கோணல்மாணலாகப் போனது. எருமை பேச ஆரம்பித்தது. துப்பறிகிறவனைவிட அதற்கு மூளை அதிகம். அவன் தப்பான ஆளைப் பிடிக்கப் போகும்போதெல்லாம், "அவரு தபால்காரருங்க, உட்டுருங்க" என்று எருமை திருத்தும். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வேறு பெயரில் உள்ளே கொண்டுவந்தேன். டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், என் மாமியார்கூட வந்தார். அவர் எருமையிடம் பால் கணக்குக் கேட்டுச் சண்டை போட்டார்.

பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்காவைக் கொண்டுவந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து ஐந்து வருஷம், பிள்ளைகள் இல்லை. எங்கள் ராகிக் காட்டுக்குக் கீழே அவருடைய இரண்டு ஏக்கர். தனியாளாக விவசாயம் பார்த்தார். எங்கள் வீட்டோடு பேச்சு கிடையாது. வரப்பில் நின்ற ஒரு பனைமரம் யாருடையது என்று நான் கல்யாணமாகி வந்த புதிதில் சண்டை வந்து, அதோடு நின்றுபோனது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடப்பார், திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். சந்தைக்குப் போகிற நாளில் பஸ்ஸே வந்துவிடும். அப்போதும் ஒருமுறை ஓடிப்போய் இழுத்துவிட்டுத்தான் வருவார். ஊரில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

என் கதையில், துப்பறிகிறவனும் எருமையும் மழைக்கு ஒதுங்கிய வீட்டை அந்த அம்மாள் வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். இவன் ஊக்கை வளைத்து, கதவு இடுக்கு வழியாகப் பூட்டைத் திறக்கப் போகும்போதெல்லாம் அவர் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார். இப்படியே மூன்று அத்தியாயம். நாத்தனார் யாரென்று உடனே கண்டுகொண்டாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அன்று நான்காவது அத்தியாயம். ஓட்டைப் பிரித்து வெளியேறலாம் என்று எருமை யோசனை சொல்கிறது. முதலில் யார் ஏறுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஐந்து வரி பத்தானது, பத்து இருபதானது. கீழேயிருந்து யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தேன். பாத்தி நிறைந்து, வரப்பு உடைந்து, தண்ணீர் முழுக்கக் கீழ்த் தோட்டத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் அந்த அக்கா நிலக்கடலைச் செடியெல்லாம் பிடுங்கி, காய் ஆய்வதற்காகப் போர் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் அதற்குள் புகுந்துவிட்டது. பிடுங்கிய கடலை ஊறினால் கறுத்துப்போகும், முளைவிடும். அது அவருடைய வருஷத்துப் பிழைப்பு.

நோட்டைப் பையில் திணித்து அங்கேயே போட்டுவிட்டு, ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே கீழே குதித்தேன். அவர் ஏற்கெனவே செடிகளை அள்ளி, தோட்டத்து ஓரத்தில் இருந்த மேட்டுப் பாறைக்குச் சுமந்துகொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அள்ளினேன். சேறு சொட்டச் சொட்ட, பொழுது சாயும் வரைக்கும் இரண்டு பேரும் சுமந்தோம். பாதிக்கு மேல் நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது. திரும்ப ஓடினேன். உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லை. வாய்க்காலில் தேடினேன், உடைப்பில் தேடினேன். இல்லை. தண்ணீர் அதைக் கீழே கொண்டுபோயிருந்தால் யார் கையில் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மூன்று நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன். ஏன் கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி வம்பு பிடித்தவள், பஞ்சாயத்துக்கு இழுப்பாள் என்று மாமியார் புலம்பிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலையில் அந்த அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறார். மாமனார் எழுந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வரப்புல நண்டு வளை பறிச்சிருக்குதுங்க மாமா. அதுதான் ஒடைஞ்சிருக்குது. ஆள் உட்டு அடைச்சுப் போடுங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு அந்த நிமிஷம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நண்டு வளை என்றால் என்மேல் தப்பில்லை. பேசாமல் இருந்துவிடலாம். அரைநாள் அப்படித்தான் இருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுதான், அவர் ஏன் எனக்காகப் பொய் சொன்னார் என்ற கேள்வி வந்தது. அதற்குமேல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் வரப்பைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் பாறையில் செடிகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் பையைத் துடைத்து வைத்திருந்தார்.

"நா அன்னிக்கே குடுத்திருப்பே அம்மிணி. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூணு நாளாச்சு" என்றார்.

நான் அவர் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர் பாறையில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார். அவருடைய கணவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் கூடவே இருந்திருக்கிறார். அவரைச் சேர்த்திருப்பதாக ஆள் வந்து சொன்ன அன்று, போட்டது போட்டபடி கிளம்பிப் போனவர் இருபது நாள் கழித்துத்தான் திரும்பியிருக்கிறார். அதற்குள் கணவரின் அண்ணன் தம்பிகள் வீட்டுக்குள் புகுந்து பாத்திரம், பண்டம், கறவை மாடு, நிலத்தின் ஆதாரப் பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். ஆதாரத்தைத் திரும்ப வாங்க ஒரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்திருக்கிறார்.

"அன்னிக்குக் கெளம்பற அவசரத்துல பூட்டுனனா இல்லியான்னே எனக்கு நெனப்பில்ல. இன்னிக்கு வரைக்கும் நெனப்பு வர மாட்டீங்குது. அதுதான் நா இழுத்து இழுத்துப் பாக்கறே" என்றார்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கடலைச் செடி ஒன்றை எடுத்து, கறுத்த காயை ஒரு பக்கமும் நல்ல காயை ஒரு பக்கமுமாக ஆய்ந்துகொண்டே பேசினார்.

"கதை நல்லாத்தான் இருக்குது. அந்தச் சந்தையில எருமை வாங்கறதைப் படிச்சுப்போட்டு நா தனியா ஒக்காந்து சிரிச்சே. ஒண்ணு மட்டும் நா கேக்கறே. ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் நீ பேச்சு எழுதியிருக்கறே. அந்த எருமைக்குக்கூடப் பேச்சு இருக்குது. எனக்கு ஒரு வார்த்தை இல்லியே அம்மிணி?"

நான் மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். மூன்று அத்தியாயத்திலும் அந்த அம்மாள் வருகிறார், பூட்டுகிறார், இழுக்கிறார், போகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் கையை வைத்துத் தடுத்தார். எழுத்துக் கூட்டி மூன்று நாள் படித்தவளுக்கு, உள்ளே மாட்டிக்கொண்டவன் எப்படி வெளியே வந்தான் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார்.

அன்று இரவுச் சோறு போடும்போதே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"பாத்தரம் பண்டமெல்லாம் வண்டியில ஏத்தறப்ப நா ரோட்டுலதான் நின்னுட்டு இருந்தே" என்றார். "ஊரே நின்னுச்சு. பங்காளிங்க வெவகாரம் நமக்கெதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

நான் எழுதியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் சொன்னேன். மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்ததே அபூர்வம், அன்று பார்த்தார். கதை என்றால் என்ன கதை என்று கேட்டார். துப்பறிகிறவன், எருமை என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நாக்குக் கூசியது. இதற்காகவா ஒருவருடைய வெள்ளாமையை நனைத்தாய் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. "நம்மளைக் காப்பாத்தறதுக்கு அந்தப் புள்ளை பொய் சொல்லியிருக்குது. நாம பேசாம இருந்தா அது நம்ம பொய் ஆயிரும்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் விதைக்கடலையில் இரண்டு மூட்டையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, அவரே முன்னால் நடந்தார். பனைமரத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சித்திரையில் நுங்கு இறக்கியபோது பாதி அந்த வீட்டுக்குப் போனது.

என்னை ஒரு வாரம் அவருக்குக் கடலை ஆய்ந்து கொடுக்க அனுப்பினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போனேன். முதல் நாள் மதியம் சோறு தின்றதும் அவர் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, நோட்டைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். வெயில் தாழும் வரை எழுது, நான் ஆய்கிறேன், இதுவும் எனக்குச் செய்கிற வேலைதான் என்றார். அப்படித்தான் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. மடை பார்க்க வேண்டியதில்லை, அடுப்பு பார்க்க வேண்டியதில்லை. அதுவரைக்கும் திருடித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் கையில் கொடுத்த நேரம் அது ஒன்றுதான். நான் நஷ்டப்படுத்திய மனுஷி கொடுத்தது.

அந்த அத்தியாயத்தில் அம்மாளுக்குப் பேச்சு எழுதினேன். கூரையில் பாதி ஏறிக்கொண்டிருந்த துப்பறிகிறவனைக் கதவு திறந்து பார்த்து அவர் ஓவென்று கத்துவதாக எழுதி வாசித்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"நா கத்த மாட்டே. மொதல்ல, சாப்புட்டியான்னு கேப்பே. அப்பறந்தான் யாருன்னு கேப்பே" என்றார்.

அப்படியே மாற்றினேன். துப்பறிகிறவன் கூரையில் தொங்கியபடியே, சாப்பிடவில்லை என்கிறான். எருமை, எனக்கும் பசிக்கிறது என்கிறது. சோறு போட்டுவிட்டு அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவனுடைய ஏழு பாஷையிலும் பதில் இல்லை. கடைசியில் வழக்கை அவரே கண்டுபிடிக்கிறார். நான் எழுதியதிலேயே அதிகம் சிரிக்க வைத்த அத்தியாயம் அதுதான். கட்டுப் பிரித்த காலோடு நொண்டி நொண்டி என் நாத்தனாரும் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் கடலை ஆய்ந்துகொண்டே சிரித்தோம். ஒரு நாள் என் மாமியார் சோறு கொண்டுவந்தவர், நின்றபடியே கொஞ்சம் கேட்டுவிட்டு, பால் கணக்குக் கேட்கிறவள் யாரென்று விசாரித்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து கடலை ஆய்ந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து நாத்தனாருக்கு மலைமேல் இருக்கும் சாந்தன்பாறையில் மாப்பிள்ளை அமைந்தது; ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் பலசரக்குக் கடை. மலைக்குப் போன முதல் மாதமே கதை கேட்டு எழுதினாள். மலையாள எழுத்தில் எழுதிய தமிழ்க் கடிதம். அதை வாசிக்க நான் மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டேன். என் பதிலை வாசிக்க அவள் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். இன்லண்டு லெட்டரில் எவ்வளவு பொடியாக எழுதினாலும் ஒரு அத்தியாயம்தான் அடங்கும். கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவாளாம். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "அந்தச் சோறு போடுற அம்மா இந்த வாரம் வரலியாக்கும்?" என்று கேட்டதாக எழுதியிருந்தாள். அதைப் பக்கத்துத் தோட்டத்தில் போய் வாசித்துக் காட்டினேன். அந்த அக்கா இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

நான் எழுதிய எதுவும் அச்சில் வந்ததில்லை. வரவேண்டிய கதைகளும் அல்ல அவை. அந்த அக்கா இப்போது இல்லை. ஆனால் யாரையாவது கேலி செய்து நான்கு பேரைச் சிரிக்க வைக்க வாயெடுக்கும்போது, அந்த ஆளும் இங்கே நம்மோடு உட்கார்ந்து சிரிப்பாரா என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பெண்ணின் வருஷத்து வெள்ளாமையில் பாதி செலவானது.